‘ஆண்டவர் சித்தம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. தீவுக்குள் வந்துவிட்டோம் என்ற நினைப்பே வராது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் தார்ச்சாலை, எதிரே குலை ஏற்றிய லாரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோட்டம் போட்ட எட்வர்ட் கேரி என்ற ஆங்கிலேயரின் பெயரைத் தீவு எடுத்துக்கொண்டது. அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மண்ணில் இருப்பவர்கள் மாமேரி பழங்குடியினர். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்கள் இன்றும் மூதாதை ஆவிகளின் முகங்களை மரத்தில் செதுக்குகிறார்கள். பால்மரம் சீவவும் பிறகு செம்பனைக் குலை வெட்டவும் வந்தவர்கள் தமிழர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் வரைபடத்தில் ஏறவில்லை.

சிலாங்கூர்த் தோட்டத் தமிழர்களில் கிறிஸ்தவர்கள் எப்போதும் சிறுபான்மை. மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டத்தைப் பார்ப்பது அரிது; தேவாலயம் உள்ள தோட்டம் அதைவிட அரிது. தரங்கம்பாடி வழி லுத்தரன்கள் 1924இல் பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டினார்கள். அந்தச் சபையின் வேர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு வரை போகிறது. கத்தோலிக்கரும் மெத்தடிஸ்டுகளும் தனித்தனியே வந்தார்கள். பல தோட்டங்களில் துரையும் கிறிஸ்தவர், லயத்து வீட்டில் இருந்த சிலரும் கிறிஸ்தவர். ஒரே ஆண்டவரை இருவரும் தொழுதார்கள். ஆனால் துரை எதிரே வந்தால் கூலிக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கம் பின்னால் ஒரு வேலைநிறுத்தக் கோரிக்கையாகவே ஆனது.

இந்த மண்ணில் ஒரு கேள்வி பழையது. துன்பப்படுகிறவரிடம் ‘நம்பிக்கையோடு இரு’ என்று ஒரு கிறிஸ்தவர் சொல்லும்போது அவர் உண்மையில் என்ன சொல்கிறார்?

கிள்ளானில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் கூடாரம், வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், பெட்டிக்குத் தலைமாட்டில் சிலுவை, ஓரமாக ஒரு மேசையில் தண்ணீர் பாட்டிலும் கச்சானும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கிட்டாரோடு வந்து மூன்று பாட்டுப் பாடுவார்கள். பாஸ்டர் ஜெபிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியண்டை உட்கார்ந்திருப்பவரிடம் போய்க் கையைப் பிடிப்பார்கள். இருபது வயது மகனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்த தாயாக அவர் இருக்கலாம். “எல்லாம் ஆண்டவர் சித்தம்மா. அவர் தப்புப் பண்ணமாட்டார்.” அந்தத் தாய் தலையாட்டுவார். சொன்னவருக்கு நிம்மதி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. வெளியே வந்து காப்பி குடிக்கலாம்.

அந்த வார்த்தை யாருக்கு ஆறுதல்? பெரும்பாலும் சொன்னவருக்குத்தான். மகனைக் கொன்றது ஆண்டவர் என்று அந்தத் தாயிடம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறோம் என்பது சொன்னவருக்கே தெரியாது.

வேதாகமத்தில் இந்த ஆறுதல்காரர்களுக்கு ஒரு முழுப் புத்தகமே உண்டு. யோபு பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் மூவர் தூரத்திலிருந்து வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்காருகிறார்கள். அதுவரை அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் பிறகு பேசத் தொடங்குகிறார்கள். நாசம் அங்கே ஆரம்பிக்கிறது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், கடவுள் நீதியுள்ளவர், இது உன்னைத் திருத்த வந்தது என்று அடுக்குகிறார்கள். இலக்கணப் பிழை இல்லாத இறையியல்தான். யோபுவோ கடவுளைக் கோர்ட்டுக்கு இழுக்காத குறை. கதையின் முடிவில் கடவுள் யாரைக் கண்டிக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தன் பக்கம் நின்று வாதாடிய நண்பர்களைக் கண்டித்துவிட்டு, முறையிட்ட யோபு பேசியதே சரி என்கிறார்.

சங்கீதப் புத்தகமும் அப்படித்தான். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு துதியில் போய் முடியும். 88ஆம் சங்கீதம் அந்தச் சலுகையைக்கூடத் தருவதில்லை. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே நின்றுவிடும். நம் ஞாயிறு பள்ளிகளில் 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளை இருக்காது. 88ஐ ஆலயத்தில் வாசிக்கக் கேட்டவர்கள் கை தூக்கினால் எண்ணிவிடலாம். தொகுத்தவர்கள் அதை வெட்டி எறியாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், அதையும் ஜெபம் என்றுதான் கருதியிருக்கிறார்கள்.

துன்பத்தின் நடுவே நம்பிக்கை என்றால் என்ன என்ற இந்தக் கேள்வி சிலாங்கூரின் தமிழ் வரலாற்றில் இரண்டு ஆண்டுகளில் கூர்மையாக எழுந்தது. முதலாவது 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், துரை முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவை கோரிக்கைகள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் சிலர் மடிந்தார்கள். சுட உத்தரவிட்ட அரசாங்கமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அரசாங்கம்தான்.

இரண்டாவது 1943. கோலாலம்பூர் 1942 ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஆள் வேண்டும். முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது தோட்டந்தோட்டமாகப் புகுந்து பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூப்பிட்டு, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவின் பழைய தோட்டக் குடும்பங்கள் பல சொல்லும். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல், பெரும்பாலோர் தமிழர். போருக்குப் பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் செத்தவர்கள் ஏறத்தாழ 30,000. உண்மைத் தொகை அதைவிடப் பெரிது என்பதே பலரின் முடிவு. மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

தாய்லாந்தின் கஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிச் சீர் செய்த புல், ஒவ்வொரு பலகையிலும் பெயர், படைப்பிரிவு, வயது. பலவற்றின் அடியில் வீட்டார் தேர்ந்தெடுத்த வேத வாசகமும் உண்டு. அதே தண்டவாளத்தில் செத்த தோட்டத் தமிழருக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. புதைத்த இடத்தின் மேல் காடு வளர்ந்துவிட்டது.

இங்கேதான் கிறிஸ்தவ நம்பிக்கை தன் கணக்கைக் காட்டியாக வேண்டும். ‘நாளை நன்றாக இருக்கும்’ என்ற நம்பிக்கை அந்த முப்பதாயிரம் பேருக்கு எதையும் தருவதில்லை; அவர்களுக்கு நாளை இல்லை. பேரப்பிள்ளைகள் வக்கீலாகவும் டாக்டராகவும் ஆனதைச் சொல்லிச் சமாதானப்படவும் முடியாது. பேரன் பட்டம் வாங்கியதற்குத் தாத்தா விலை என்று பேசுவது அநாகரிகம். கிறிஸ்தவம் சொல்வது இதைவிடப் பெரியது, நம்புவதற்கும் கடினமானது. அடக்கம் பண்ணப்பட்டவரைக் கடவுள் எழுப்புவார், பெயர் மறந்துபோனவர்களின் வழக்கும் விசாரணைக்கு வரும் என்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இதில் மழுப்பவில்லை. உயிர்த்தெழுதல் பொய்யானால் நம்மைப் போலப் பரிதாபத்துக்குரியவர் யாருமில்லை என்ற பொருளில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பணயம் வைத்தார். இதை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் தண்டவாளத்தோரம் கிடக்கும் கூலியாளைச் சேர்க்காத நம்பிக்கையைக் கிறிஸ்தவ நம்பிக்கை என்று அழைக்க முடியாது.

பேராக்கில் அதே 1943இல் இன்னொன்று நடந்தது. ஈப்போவில் கணவரோடு கிளினிக் நடத்திவந்த தாதி சிபில் கார்த்திகேசு, போர் வந்ததும் குடும்பத்தோடு பாப்பான் என்ற ஈயச்சுரங்க ஊருக்கு இடம் பெயர்ந்தார். கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு, தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர், கத்தோலிக்கராக மாறியவர். இருவருக்கும் 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் ஆலயத்தில் திருமணம். சிபில் மேதானில் பிறந்த யூரேசியப் பெண். கண்டனீஸ் சரளமாகப் பேசுவார். பாப்பான் பிரதான சாலை 74ஆம் எண் கடைவீட்டில் பகலில் ஊராருக்கு வைத்தியம் செய்தார். இரவில் பின்வாசல் வழியாகக் காட்டிலிருந்து வரும் ஜப்பானிய எதிர்ப்புக் கொரில்லாக்களின் குண்டுக் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். ஒளித்து வைத்த வானொலிப் பெட்டிக்கு ஜோசஃபின் என்று பெயர் வைத்திருந்தார். அதில் பிபிசி செய்தி கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வார். அந்தக் கொரில்லாக்கள் கம்யூனிஸ்டுகள், கடவுளே இல்லை என்பவர்கள். கட்டுப் போடும்முன் அவர் அதை விசாரிக்கவில்லை.

ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாய் கணவரையும் மனைவியையும் பிடித்தது. விசாரணை நடத்தியவன் யோஷிமுரா என்ற சார்ஜண்ட். அடி, தண்ணீர்ச் சித்திரவதை, நகக்கண்ணில் ஊசி. எதுவும் பலிக்காதபோது அவருடைய ஏழு வயது மகள் டானைக் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி மரத்திலிருந்து தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினான். காட்டில் இருப்பவர்களின் பெயரைச் சொன்னால் குழந்தை இறங்குவாள். சிபில் சொல்லவில்லை. குழந்தை உயிரோடு இறக்கப்பட்டாள்.

இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, ஜெபம் கேட்கப்பட்டது’ என்று சொல்லத் துடிக்கும் பிரசங்கியாரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். டான் இறக்கப்பட்டாள், சரி. அதே ஆண்டில் எத்தனையோ தாய்மார்கள் ஜெபித்தார்கள், அவர்கள் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. டான் பிழைத்ததை ஆதாரமாக வைத்தால் அந்தப் பிள்ளைகள் எதற்கு ஆதாரம்? அந்த மரத்தடியில் நின்ற சிபிலுக்கு முடிவு தெரியாது. தெரியாமலே வாயை மூடிக்கொண்டிருந்தார். தன் மகளின் உயிரும் முகம் மட்டுமே தெரிந்த அந்நியர்களின் உயிரும் தராசில் ஏறியபோது அவர் எடுத்த முடிவை இன்னொரு தாய் சரி என்றோ தப்பு என்றோ சொல்லத் தயங்குவார். தயங்கத்தான் வேண்டும்.

ஆயுள் தண்டனை பெற்று பத்து காஜா சிறையில் கிடந்தவரை 1945இல் விடுவித்தார்கள். நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னர் கையால் ஜார்ஜ் பதக்கம் வாங்கினார். தாடையில் வாங்கிய பழைய காயம் சீழ் பிடித்து, 1948 ஜூனில் ஸ்காட்லாந்தின் லனார்க்கில் இறந்தார். ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற அவருடைய நினைவுக்குறிப்பு 1954இல் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்திருந்தார்கள். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. பதக்கம், தெரு, புத்தகம் எல்லாம் வந்தன. உடல் மட்டும் தேறவில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில் இப்படிப்பட்ட முடிவுகளுக்கு இடம் கிடைப்பதில்லை. அங்கே சாட்சி என்றால் கட்டி கரைந்திருக்க வேண்டும், கடன் அடைந்திருக்க வேண்டும்.

சிபில் இறந்த லனார்க்கிலிருந்து வெகுதூரமில்லாத கில்மார்னக்கில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெர்மானியப் போர்க்கைதி சாலை வேலை செய்துகொண்டிருந்தான். பெயர் யூர்கன் மோல்ட்மன். 1943 ஜூலையில், சிபில் பிடிபட்ட அதே காலத்தில், ஹாம்பர்க் நகரின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு பொழிந்தன. 40,000 பேர் அளவில் செத்தார்கள். பதினேழு வயது மோல்ட்மன் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்தான். பக்கத்தில் நின்ற பள்ளித் தோழன் சிதறிப்போனான். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் பேச்சே அதிகம் இல்லாத வீட்டில் வளர்ந்தவன் அன்றிரவுதான் முதன்முதலாகக் கடவுளே எங்கே இருக்கிறீர் என்று கேட்டதாகப் பின்னால் எழுதினார். முகாமில் ஒரு படைப் பாதிரியார் கொடுத்த வேதாகமத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியவை புலம்பல் சங்கீதங்கள். பிறகு மாற்கு சுவிசேஷத்தில், கைவிடப்பட்டதாகச் சிலுவையில் அலறும் இயேசு. தன்னைப் புரிந்துகொண்ட ஒருவர் அங்கே இருக்கிறார் என்று அவருக்குப் பட்டது.

அதே முகாமின் சுவரில் பெல்சன் வதைமுகாமின் படங்களையும் ஒட்டினார்கள். தன் துயரத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்த பையன், தன் நாடு மற்றவர்களுக்குச் செய்ததை அங்கேதான் பார்த்தான். தன் காயத்துக்கு மருந்து தேடியவனுக்கு மற்றவர் காயமும் சேர்ந்தே கிடைத்தது. அவர் 1964இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் இறையியல்’ இருபதாம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சிந்தனையைத் திருப்பிப் போட்ட நூல்களில் ஒன்று. அதன் மையக் கருத்து எளிது, நடைமுறையில் சங்கடமானது. கடவுள் வாக்களித்த உலகத்தை நம்புகிறவனுக்கு இருக்கிற உலகத்தோடு ஒத்துப்போக முடியாது. நம்பிக்கை அவனை அமைதிப்படுத்துவதற்குப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கும். மோல்ட்மன் 2024 ஜூனில் தம் 98ஆம் வயதில் காலமானார்.

இதை வைத்துக்கொண்டு ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தால், வழக்கமான ஒரு பிரசங்கம் ஆட்டம் காண்கிறது. துன்பம் பொறுமையைத் தரும், பொறுமை கடைசியில் நம்பிக்கையில் கொண்டுபோய் விடும் என்று பவுல் அங்கே படி கட்டுகிறார். அவர் அதைத் தம்மைப் பற்றியும் தம்மோடு சேர்ந்து அடிபட்டவர்களைப் பற்றியும் எழுதினார். அடிபட்டவன் தன் அனுபவத்தைச் சொல்லும்போது அது சாட்சி. அதையே வாடகை கட்ட முடியாத ஒருவரிடம் வாடகை வாங்குகிறவர் சொன்னால் அதற்கு வேறு பெயர். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் பொறுமையைப் பற்றித் துரைமார் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

மற்றவர் வலியை உணர்வது பற்றிப் பேசும்போது சுங்கை பூலோவைத் தாண்டிப் போக முடியாது. கோலாலம்பூருக்கு வடமேற்கே 1930இல் திறந்த தொழுநோயாளிகள் குடியிருப்பு அது. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பெயர் வாங்கியது. டிராவர்ஸ் என்ற மருத்துவர் மனதில் போட்ட திட்டப்படி, வார்டுகளுக்குப் பதில் சிறு சிறு வீடுகள், தோட்டம், பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அமைத்தார்கள். உச்சத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள், தமிழர்களும் உண்டு. வெளியே செல்லாத தனிப் பணத்தாள் அச்சிட்டார்கள், நோயாளி தொட்ட காசு ஊருக்குள் போகக் கூடாது என்று. சட்டம் அவர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. உள்ளேயே காதல், கல்யாணம், பிள்ளைப்பேறு நடந்தன. பிறந்த குழந்தையை மட்டும் தாயிடமிருந்து எடுத்துவிடுவார்கள். உறவினர் வந்து வாங்காவிட்டால் தத்துக்குப் போகும். பெயரில் நம்பிக்கை, நடைமுறையில் வேலி. பெற்றோரைத் தேடிப் பல பத்தாண்டுகள் கழித்து அங்கே வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதியைப் பல்கலைக்கழகத்துக்காக இடித்தார்கள். மிச்சமிருந்த முதியவர்கள் பலர் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்றும் பூச்செடி வாங்கக் கோலாலம்பூர்வாசிகள் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். எந்த மண்ணில் வளர்ந்த செடி என்று கேட்பவர் குறைவு.

தொழுநோய் பற்றி மருத்துவம் பிந்திப் புரிந்துகொண்ட ஒன்றில் வேலூருக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதாகத்தான் அதுவரை நினைத்தார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்தையும் துருவிப் பார்த்தார். இரவு படுக்கும்போது இருந்த விரல் காலையில் எப்படிப் போனது? ராத்திரி காவலிருந்து பார்த்தபோது, எலி கடித்துத் தின்றது தெரிந்தது. வலி இல்லாததால் தூங்கியவர் எழவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார். நோய் நரம்பைக் கொன்றுவிடுகிறது. வலி தெரியாத உறுப்பைப் பாதுகாக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அது போய்விடுகிறது. ஃபிலிப் யான்சியோடு சேர்ந்து 1980இல் எழுதிய நூலில் பிராண்ட் இதைச் சபைக்குப் பொருத்திக் காட்டினார். ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுதும் நோகும் என்று பவுல் சொன்னது அலங்காரப் பேச்சு இல்லை என்பது அந்த மருத்துவரின் முடிவு. சபையின் ஒரு மூலையில் நடக்கிற துயரம் மறு மூலைக்கு எட்டவே இல்லையென்றால், நரம்பு எங்கோ அறுந்திருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று அப்படி எட்டாமல் போவது எது? தோட்டம் துண்டு போடப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களின் கதை ஓரளவு தெரியும். கேரி தீவு உட்பட நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் இப்போது குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். தீவின் பெருந்தோட்டங்களை வைத்திருக்கும், அப்போது சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் பாமாயிலுக்கு, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி 2020 டிசம்பரில் அமெரிக்கா தடை போட்டது. நிறுவனம் மாற்றங்கள் செய்த பிறகு 2023இல் தடையை நீக்கியது. தாத்தாவின் கூலிக்கதையை மேடையில் கண்ணீரோடு சொல்லும் பேரன், பக்கத்து லயத்தில் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்ததுண்டா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று, உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல்தான் நீக்கியது. அதற்கு முன்பு பிழைத்தவரிடம் முதலில் போலீஸ் வரும். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 1970 முதல் தொலைபேசியில் இப்படிப்பட்டவர்கள் பேச்சைக் கேட்டு வருகிறது, மதம் பேசுவதில்லை. இந்த மாதிரிச் சேவையை 1953இல் லண்டனில் தொடங்கியவர் சாட் வாரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார். பூப்பெய்தியதை ஏதோ நோய் என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்ட பதினான்கு வயதுப் பெண்ணை அவர் இளம் வயதில் அடக்கம் பண்ணியிருந்தார். ஒரே ஒரு ஆளிடம் அந்தப் பெண் பேசியிருந்தால் போதும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தார். அவரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களோடு தேநீர் கொடுக்க வந்த தொண்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்த பலர் பாதிரியாரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்தது அதுதான்.

காத்திருப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த வட்டாரத்தில் ஒரு பெண் எட்டு ஆண்டுக்கும் மேலாகக் காட்டி வருகிறார். 2017 பிப்ரவரி 13, காலை நேரம், பெட்டாலிங் ஜெயா கெலானா ஜெயா. போதகர் ரேமண்ட் கோ ஓட்டிச்சென்ற காரை முன்னும் பின்னும் கறுப்பு வண்டிகள் மறித்தன. முகமூடி போட்டவர்கள் இறங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் காரும் ஆளும் இல்லை. தெருவோர வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ரேமண்ட் கோ ‘ஹரப்பான் கொமுனித்தி’ என்ற தொண்டு அமைப்பின் மூலம் ஏழைகளுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் உதவியவர். முஸ்லிம்களை மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டும் அவர்மேல் இருந்தது.

மனைவி சுசன்னா லியூ வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிப்பதோடு நிற்கவில்லை. ஜெபிக்காமலும் இல்லை, தூக்கம் வராத இரவுகளையும் மன உளைச்சலையும் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். ரேமண்ட் கடத்தப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2016 நவம்பரில், பெர்லிஸில் அம்ரி சே மாட் என்ற முஸ்லிம் சமூக ஆர்வலரும் அதே பாணியில் கடத்தப்பட்டிருந்தார். அவர் மனைவி நோர்ஹயாத்தியும் சுசன்னாவும் ஒரே விசாரணையில், ஒரே கேள்வியோடு நின்றார்கள். இரண்டு கடத்தல்களுக்கும் போலீஸ் சிறப்புப் பிரிவே பொறுப்பு என்று ஆணையம் 2019 ஏப்ரலில் முடிவு சொன்னது. சுசன்னா 2020இல் அரசின் மேல் வழக்குப் போட்டார். 2025 நவம்பர் 5ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அரசும் போலீசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. காணாமல் போன ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரிங்கிட் என்று கணக்கிட்டு இழப்பீடு. தொகை மூன்று கோடி ரிங்கிட்டுக்கும் மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் சுசன்னாவிடம் போய் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொல்ல ஆள் இருக்கும். சொன்னால் அவர் தலையாட்டக்கூடும், விசுவாசி அல்லவா. ஆனால் தலையாட்டிவிட்டு வழக்குக் கட்டை எடுத்து வைத்துவிடவில்லை. ஆண்டவர் நீதியுள்ளவர் என்று நம்புகிறவர் நீதிமன்றத்துக்குப் போவதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குப் படவில்லை. கடத்தியவர்களை மன்னித்ததாகவும் சொல்லியிருக்கிறார். பதில் வேண்டும் என்பதையும் விடவில்லை. பணம் அவர் கேட்டதில் பெரிய பங்கு இல்லை. முதல் நாளிலிருந்து அவர் கேட்டுவருவது ஒன்றுதான்: கணவர் எங்கே? தீர்ப்பில் அதற்கு விடை இல்லை.